பதினான்கு அணிகளின் பந்து வீச்சாளர்

எட்வின் ஜாக்சன் 1983 செப்டம்பர் 9 அன்று மேற்கு ஜெர்மனியில் பிறந்தார். அப்பா அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்தவர். சரியாக இருபது வயது நிறைந்த நாளில், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்காக முதன்முதலாகப் பந்து வீசினார். எதிரணியில் வீசியவர் அந்தக் காலத்தின் அசுர வீச்சாளர் ராண்டி ஜான்சன். பையன் ஜெயித்துவிட்டான்.

அதன் பிறகு எந்த ஊரிலும் அவரால் நிலைத்திருக்க முடியவில்லை. அமெரிக்க பேஸ்பாலில் ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை நிர்வாகம் இன்னொரு அணிக்குக் கைமாற்றிவிடலாம். பெரும்பாலும் அவருடைய சம்மதத்தைக் கேட்பதில்லை. 2011 ஜூலை 27 அன்று சிகாகோ வொயிட் சாக்ஸ் அவரை டொராண்டோவுக்குக் கொடுத்தது. டொராண்டோ அதே நாளில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குத் தள்ளிவிட்டது. அந்த ஆண்டு அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்றது கார்டினல்ஸ்தான்.

அவரை நினைவில் வைத்திருக்க ஒரே ஓர் ஆட்டம் போதும் என்பேன். 2010 ஜூன் 25, புளோரிடா. அரிசோனா அணிக்காக, தன் பழைய அணியான டாம்பா பே ரேஸுக்கு எதிராக வீசுகிறார். குறி தப்பிய பந்துகள் நான்கு சேர்ந்தால் மட்டையாளர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். முதல் மூன்று இன்னிங்ஸிலேயே ஏழு பேரை அப்படி நடக்கவிட்டார். மூன்றாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறது, ஒருவர்கூட அவுட் ஆகவில்லை. அதிலிருந்து ஒரு ரன்னும் கொடுக்காமல் மீண்டார். நூறு பந்தைத் தொட்டாலே வீச்சாளரை மாற்றிவிடுகிற காலம் அது. அவர் 149 பந்து வீசினார். ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் முடியும்வரை எதிரணியால் ஒரு ஹிட் கூட, அதாவது பந்தை அடித்து பேஸைச் சேரும் அடி ஒன்றுகூட, அடிக்க முடியவில்லை. அரிசோனா 1-0 என வென்றது. இத்தனை தடுமாற்றத்தோடு இத்தனை பிடிவாதமும் சேர்ந்த சாதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

2013இல் சிகாகோ கப்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு 5.2 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. அந்த ஆண்டே 18 தோல்விகள். 2015இல் பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். அட்லாண்டா, மயாமி, சான் டியாகோ, பால்டிமோர், ஓக்லண்ட் என்று பிறகும் ஊர் ஊராகப் போனார். 2019 மே மாதம் டொராண்டோவுக்காகக் களமிறங்கினார், முன்பு ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாத அதே டொராண்டோவுக்காக. அது அவருடைய 14ஆவது அணி. அதுவரை யாரும் அத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியிலும் இருந்தார்.

கணக்கில் 107 வெற்றி, 133 தோல்வி. இதை வைத்து அவரைச் சாதாரண வீச்சாளர் என்பது நியாயமில்லை. தோற்ற பிறகும் 17 பருவங்கள் யாராவது ஓர் அணி அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. 2025இல் கன்சாஸ் சிட்டிக்காக வீசி அந்த 14 அணிக் கணக்கை எட்டிப்பிடித்தவர் ரிச் ஹில். அவரும் பந்து வீச்சாளரே.