பெயர் மாற்றமும் வாக்குத் தேய்வும்: ஜெர்மானியத் தீவிர வலதுசாரிக் கட்சியொன்றின் வரலாறு

மேற்கு ஜெர்மனியில் 1964இல் தோன்றிய தேசிய ஜனநாயகக் கட்சி, தீவிர வலதுசாரிக் கொள்கைக்கு மக்களாட்சியின் சொல்லையே பெயராகச் சூட்டிக்கொண்டது. 1966 முதல் 1968 வரையிலான காலத்தில் ஏழு மாநிலச் சட்டமன்றங்களில் அது இடம்பெற்றது. ஆயினும், 1969ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் 4.3 விழுக்காடு வாக்குகளே பெற்றமையால், இடம்பெறத் தேவையான 5 விழுக்காட்டு வரம்பை அதனால் எட்ட இயலவில்லை.

1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பின்னர், கிழக்குப் பகுதியில் அக்கட்சி மீண்டும் வேரூன்றியது. சாக்சனி மாநிலத் தேர்தல்களில் அதன் வாக்கு 2004இல் 9.2, 2009இல் 5.6, 2014இல் 4.95 விழுக்காடு எனத் தேய்ந்தது. 2014இல் அங்குப் புதிதாகப் போட்டியிட்ட ‘ஜெர்மனிக்கான மாற்று’ என்னும் கட்சி 9.7 விழுக்காடு பெற்றது.

2017இல் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம், தேசிய ஜனநாயகக் கட்சியின் நோக்கங்கள் அரசமைப்புக்கு முரணானவை எனக் கண்டது. எனினும் அவற்றை நிறைவேற்றும் வலிமை அதற்கில்லை எனக் கூறித் தடைவிதிக்க மறுத்தது. தேர்தல் தோல்வியே கட்சிக்குக் காப்பாக அமைந்தது.

2023இல் கட்சி தன் பெயரை ‘ஹைமாட்’ என மாற்றிக்கொண்டது. பிறந்த மண் எனப் பொருள்படும் இச்சொல், ஜெர்மானிய மொழியில் எல்லாருக்கும் பொதுவான அன்றாடச் சொல்லாகும். 2024 ஜனவரியில் அதே நீதிமன்றம் அரசு நிதியுதவியிலிருந்து கட்சியை ஆறு ஆண்டுகளுக்கு விலக்கியது. புதிய பெயர் பழைய நோக்கத்தை மறைக்கவில்லை.