வெயிலை வேலைக்கு வைத்தவர்கள்



சின்னாளபட்டிச் சேலையை வெயிலில் காயப்போட்டால் சாயம் வெளுக்கும். வெள்ளை வேட்டிக்கு அந்தக் கவலை இல்லை. நிறமுள்ள பொருள்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குடிக்கும். வேதியியலின் ஒரு நூற்றாண்டுக் கதை இதில்தான் இருக்கிறது.

இத்தாலியின் பொலோனியாவில் சாமிச்சான் என்ற பேராசிரியர், மாடியில் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக வெயிலில் வைத்து ஆராய்ந்தார். 1912ல் நியூயார்க்கில் பேசியபோது, நிலக்கரி ஒருநாள் தீரும், வறண்ட பூமியில் புகையில்லாமல் வெயிலிலேயே ஓடும் தொழிற்சாலைகள் வரும் என்றார். தோல் ஷாப்புகளைச் சுற்றிக் கிணற்றுத் தண்ணீர் கெட்டதைப் பார்த்த நமக்கு இது வெறும் கனவாகப் படாது.

ஆனால் அப்படி நடக்கவில்லை. கரிமச் சேர்மங்களில் பெரும்பாலானவை நிறமற்றவை. புற ஊதாக் கதிரைத்தான் உறிஞ்சும். அதற்குப் பாதரச விளக்கு, குவார்ட்ஸ் குடுவை எல்லாம் வேண்டும். மூலக்கூறும் கண்டபடி உடையும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் ஷென்க் ஒரு வழி கண்டார். கீரையிலிருந்து எடுத்த பச்சையத்தைக் கலந்து வெயிலில் வைத்து, அஸ்காரிடோல் என்ற பூச்சி மருந்தைத் தயாரித்தார். பச்சையம் ஒளியைக் குடித்து, அந்த ஆற்றலைக் காற்றின் ஆக்சிஜனுக்குக் கைமாற்றியது. சுத்தமான தரகர் வேலை!

கண்டபடி உடைவதற்குக் கடிவாளம் போட்டவர்களில் நம் பக்கத்து ஊர்க்காரரும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சுமணி, ராமமூர்த்தியோடு சேர்ந்து 1996ல் அமெரிக்க வேதியியல் சங்க இதழில் எழுதிய கட்டுரை அது. கரைசலில் ஒளி பாய்ச்சினால் பல பொருள்கள் கலந்து வரும் வினையை ஜியோலைட்டின் நுண்ணிய கூண்டுக்குள் நடத்தினார்கள். மூலக்கூறு திரும்ப இடமில்லாததால் வேண்டிய பொருளே பெரும்பாலும் கிடைத்தது. (வகுப்பில் கடைசி பெஞ்சைப் பிரித்து உட்கார வைத்ததும் இதே தத்துவம்தான்.)

2008ல் பிரின்ஸ்டனில் மக்மில்லனும் நைஸ்விச்சும், விஸ்கான்சினில் யூன் குழுவினரும், ருத்தீனியம் சேர்ந்த ஒரு ஆரஞ்சு நிற உப்பைத் தரகராக்கினார்கள். தண்ணீரைப் பிளக்க முயன்றவர்களுக்கு அது ஏற்கெனவே பழக்கமான பொருள். நீல ஒளியைக் குடித்ததும், நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் அது விழித்திருக்கும். அதற்குள் எலக்ட்ரானைக் கொடுக்கவும் தயார், வாங்கவும் தயார். அதனால்தான் எத்தனையோ வினைகளுக்கு உதவுகிறது. மக்மில்லன் பயன்படுத்தியது வீட்டில் எரியும் 15 வாட் விளக்கு!

ருத்தீனியம் விலை அதிகம். ஆகவே 2011ல் ஜெர்மனியின் சைட்லர் குழு அந்த இடத்தில் இயோசின் சாயத்தை வைத்துப் பார்த்தது. அதுவும் வேலை செய்தது. இயோசின் வேறொன்றுமில்லை பிள்ளைகளே, சிவப்பு மையில் சேர்க்கிற சாயம். உங்கள் விடைத்தாள்களில் நிறையவே பார்த்திருப்பீர்கள்.