இசை அரங்கில் ரசிகரின் கேமரா

இசை நிகழ்ச்சிக்கு வந்த ரசிகரே படம் எடுக்கும் வழக்கம் மேலை நாடுகளில் பரவியதில், 1963இல் கோடக் நிறுவனம் வெளியிட்ட இன்ஸ்டமாட்டிக் கேமராவுக்குப் பெரும் பங்குண்டு. படச்சுருளைக் கையால் கோர்க்கும் தொல்லையை நீக்கி, அடைத்த பெட்டியாகவே உள்ளே செருகும் முறையை அது எளியவர்க்கும் கொண்டு சேர்த்தது. 1965இல் வந்த ஃப்ளாஷ் கியூப், அதாவது நான்கு பக்கங்களிலும் ஒவ்வொரு சிறு பல்பு பதித்த கனசதுரக் கட்டி, ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் திரும்பி, நான்கு முறை மின்னியதும் கருகிய பல்புகளோடு குப்பைக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் பாடியபோது 55,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். மேடையோ மைதானத்தின் நடுவே, இருக்கைகளிலிருந்து வெகுதொலைவில் இருந்தது. தொலைவு இரட்டிப்பானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால், இத்தகைய அரங்குகளில் ஃப்ளாஷ் ஒளி முன்வரிசைத் தலைகளை வெளுக்கச் செய்ததேயன்றி, பாடகரை எட்டவில்லை. ஆயினும் அம்மங்கல் படங்களைப் பிழையென ஒதுக்குவது தவறு. சாதாரண ரசிகர் கண்ட காட்சிக்கு, மேடையோரத் தொழில்முறைப் படங்களைவிட அவையே உண்மையான சான்றுகள். விவரமறிந்தவர்கள் ஃப்ளாஷைத் தவிர்த்து, 400 ஏ.எஸ்.ஏ. வேகமுள்ள டிரை-எக்ஸ் சுருளை 1600 எனக் கருதிப் படமெடுத்து, கழுவும்போது டெவலப்பர் கரைசலில் கூடுதல் நேரம் விட்டு, புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் முகம் தெளிந்த படங்களைப் பெற்றனர். செல்போன் கேமரா இந்தத் திறனையெல்லாம் தேவையற்றதாக்கிய பின், 2014இல் லண்டனில் பாடிய கேட் புஷ், படமெடுக்க வேண்டாமென ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டில் தொடங்கப்பட்ட யோண்டர் நிறுவனம், போனைப் பூட்டிய உறையிலிட்டு உரியவர் கையிலேயே கொடுக்கும் முறையை அரங்குகளுக்குக் கொண்டுவந்தது.