ஆரம்பப்பள்ளியிலிருந்து மனையியல் வகுப்புக்கு



பள்ளிக்கூடத்துப் பாடங்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு உண்டு. கணிதம், அறிவியல் என்றால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். மனையியல் என்றால், "சமையலும் தையலும்தானே!" என்று சிரிப்பார். ஆசிரியர்களுக்குள்ளும் இந்த வரிசை இல்லாமல் இல்லை. ஆரம்பப்பள்ளி ஆசிரியர் என்றால், சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பவர் என்ற அளவில்தான் பலர் மதிப்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே, ஆரம்பப்பள்ளி ஆசிரியை ஒருவர் இடைநிலைப்பள்ளிக்குப் போய் அங்கே மனையியல் கற்பித்தார் என்றால், அவர் இரண்டு ஏளனங்களையும் ஒருசேரச் சுமந்துகொண்டு போனார் என்றே பொருள். நம் நாட்டில் 1965-ஆம் ஆண்டுக்குப் பிறகு அப்படிப் போனவர்கள் உண்டு. அவர்கள் ஏன் போக நேர்ந்தது, போன இடத்தில் எதைப் புதிதாகக் கற்க நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சு.

தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பிறப்பை நேயர்கள் அறிவீர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளியை நடத்தவேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் அதை வலியுறுத்திற்று. சட்டம் இருந்தது, ஆசிரியர்தாம் இல்லை. பல தோட்டங்களில் ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். பின்னர்ப் பெண் ஆசிரியைகள் வந்த இடங்களில், பெண் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் தையல் வகுப்பு நடக்கும். நிர்வாகம் கொடுத்த துண்டுத் துணியில் ஓட்டுத் தையல் போட்டுப் பழகுவார்கள். நகம் வெட்டியிருக்கிறதா, தலை வாரியிருக்கிறதா என்று காலையில் வரிசையில் நிறுத்திப் பார்ப்பார்கள். நம் மனையியல் கல்வியின் முதற் பாடம் அதுதான் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அந்தப் பாடத்தில் கட்டளை மட்டுமே இருந்தது, விளக்கம் இல்லை. 'கை கழுவு' என்றார்கள். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

மலாய்ப் பெண்களுக்கென்று மலாக்காவில் 1935-ஆம் ஆண்டு ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே சமையல், தையல், வீட்டுப் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பெரிய இடம் தரப்பட்டது. பயிற்சி பெற்ற இளம் ஆசிரியைகள் கம்பங்களுக்குத் திரும்பிப் போய், தாங்கள் கற்றதைக் கற்பித்தார்கள். நல்ல இல்லத்தரசிகளை உருவாக்குவதுதான் காலனி அரசின் நோக்கம் என்று பின்னாளில் குறை கூறப்பட்டது. அக்குறையில் நியாயம் உண்டு. எனினும், பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறி விடுதியில் தங்கிப் படித்து ஊதியம் பெறும் ஆசிரியைகளாகத் திரும்பினார்கள் என்பதையும் மறக்கலாகாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளுக்கு அத்தகைய முழுநேரக் கல்லூரி அன்று இல்லை.

இனி 1965-க்கு வருவோம். இதை என் குடும்பக் கதையைக்கொண்டு சொல்வதே எளிது.

என் தாயார் 1951-இல் பிறந்தவர். 1963-இல் ஆறாம் வகுப்பு முடித்தார். அக்காலத்தில் இடைநிலைப்பள்ளிக்குப் போகவேண்டுமானால் ஒரு நுழைவுத் தேர்வில் தேறவேண்டும். அம்மா தேறவில்லை. மறுமாதமே ஆயாக்கொட்டகையில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனார், பிறகு பால்வெட்டு. அவருக்கு இரண்டு வயது இளையவர் என் சித்தி. அதற்குள் அரசாங்கம் அந்த நுழைவுத் தேர்வையே 1964-இல் எடுத்துவிட்டது. 1965 முதல் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் யாவரும் தேர்வின்றி மேலே போகலாம், மூன்றாம் படிவம் வரை படிக்கலாம் என்றாயிற்று. சித்தி 1966-இல் புகுமுக வகுப்புக்குப் போனார், 1967-இல் முதலாம் படிவம். ஒரே லயத்தில், ஒரே பாயில் படுத்துறங்கிய இரண்டு சகோதரிகள். இரண்டு வயது வித்தியாசத்தில் ஒருவர் கையில் பால்கத்தி, மற்றவர் கையில் புத்தகப் பை.

இந்தச் சீர்திருத்தத்துக்குத்தான் ஒருங்கிணைந்த கீழ்நிலை இடைநிலைக் கல்வி என்று பெயர். தேர்வில் வென்றவர்களோடு தோற்றிருக்கக்கூடியவர்களும் ஒரே வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது, வெறும் ஏட்டுப்படிப்பு போதாது என்று கல்வியாளர்கள் கருதினார்கள். ஆகவே தொழிற்கலை, மனையியல், விவசாய அறிவியல், வாணிகம் என்ற நான்கனுள் ஒன்றை மாணவர் எடுக்கவேண்டும் என்று வகுத்தார்கள். பெரும்பாலும் பையன்கள் தொழிற்கலைக்கும் பெண்கள் மனையியலுக்கும் போனார்கள். பாடம் வந்துவிட்டது, பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். கற்பிப்பவர் எங்கே? அதற்காகத்தான் ஆரம்பப்பள்ளி ஆசிரியர்களிலும் சிலர் மேலே அழைக்கப்பட்டார்கள். 1973-இல் ஆசிரியர் பயிற்சியே ஒருங்கிணைக்கப்பட்டது. ஆரம்பப்பள்ளிக்கும் கீழ்நிலை இடைநிலைப்பள்ளிக்கும் சேர்த்தே பயிற்சி அளிக்கப்பட்டது.

அப்படிப் போனவர்களுள் ஒருவரை நான் நன்கறிவேன். ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளாகின்றன. பெயர் சொல்லவேண்டாம் என்றார். இன்றும் நான் அவரை டீச்சர் என்றுதான் அழைக்கிறேன்.

தோட்டப்பள்ளியில் எட்டு ஆண்டுகள் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர் அவர். 1974-இல் பட்டணத்து இடைநிலைப்பள்ளி ஒன்றுக்கு மாற்றலாகிப் போனார். முதல் நாள் மனையியல் கூடத்தைத் திறந்தபோது, நான்கு கேஸ் அடுப்புகளையும் மிதித்துத் தைக்கும் இயந்திரங்களையும் கண்டு கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாராம். "எனக்குத் தெரிஞ்சது பால்மர விறகு அடுப்புதாம்மா. முப்பத்தஞ்சு பிள்ளைங்க, நாலு அடுப்பு. எது எப்போ பத்திக்குமோன்னு வயித்துல புளியக் கரைச்சது" என்றார். இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை தவறு செய்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதும். கொதிக்கும் எண்ணெயை அழித்துவிட்டு மறுபடி எழுத முடியாதல்லவா?

அளவைகளும் அவரைப் படுத்தின. வீட்டிலே கைப்பிடியும் சிட்டிகையும், சந்தையிலே காத்தி என்ற நிறை, ஒரு காத்தி ஏறக்குறைய 600 கிராம், பாடநூலிலோ அவுன்ஸ். அந்த அவுன்சும் நிலைக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் நிறை அளவைச் சட்டத்தால் நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. மொழியும் அப்படியே. அவர் போனபோது அந்தப் பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. 1976-இல் முதலாம் படிவம் மலாய் மொழிக்கு மாறிற்று. எழுதிய குறிப்புகளையெல்லாம் மறுபடி எழுதினார்.

ஆனால் ஆரம்பப்பள்ளி அவருக்குக் கொடுத்தனுப்பிய சீர் ஒன்று இருந்தது. புகுமுக வகுப்பிலிருந்து வந்த தோட்டத்துப் பெண்கள் மற்றப் பாடங்களில் வாய் திறக்காமல் பின்வரிசையில் இருப்பார்கள். மொழி ஓடாது. பல ஆசிரியர்கள் அவர்களை மந்தம் என்று எழுதிவிட்டார்கள். டீச்சருக்கோ, பேசத் தெரியாத பிள்ளைக்கும் கற்கத் தெரியும் என்பது இரண்டாம் வகுப்பிலேயே பழகிய உண்மை. கையால் செய்யவிட்டு, செய்ததற்குப் பின் பெயர் சொல்லிக்கொடுத்தார். என் சித்தி வேறு பள்ளியில் படித்தவர், அவரும் இதையே சொல்வார்: "இங்கிலீஷ் எனக்குப் புரியல, ஊசி புரிஞ்சது."

அப்படியானால் மனையியல் என்பது கைவேலை மட்டும்தானா? இல்லை. இந்தப் பாடத்தை உலகில் நிலைநிறுத்தியவர்களுள் முதல்வர் ஒரு வேதியியலாளர். அமெரிக்காவைச் சேர்ந்த எல்லன் சுவாலோ ரிச்சர்ட்ஸ் என்னும் அம்மையார், 1870-இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண் அவரே. 1873-இல் பட்டம் பெற்றார். குடிநீரில் என்ன கலந்திருக்கிறது, கடையில் விற்கும் உணவில் என்ன கலப்படம் என்று ஆராய்ந்தவர். 1899-இல் லேக் பிளாசிட் என்ற ஊரில் அவரும் நண்பர்களும் கூடிப் பேசத் தொடங்கி, ஆண்டுதோறும் கூடி, 1908-இல் அமெரிக்க மனையியல் சங்கத்தை அமைத்தார்கள். அவரே முதல் தலைவி. சோதனைக்கூடத்தின் கேள்விகளைச் சமையலறைக்குக் கொண்டு வந்தார் என்று சொல்லலாம். 1917-இல் அமெரிக்க அரசாங்கம் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தின் மூலம் மனையியல் ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கிற்று.

அமெரிக்காவை விடுங்கள். நம் மண்ணிலேயே, நம் சோற்றுப் பானையிலேயே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. டீச்சர் தம் விடுமுறைக் காலப் பயிற்சியில் இதைக் கேட்டுத்தான் விழித்துக்கொண்டாராம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், நடை தளரும், நெஞ்சு நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை அது வாட்டிற்று. தமிழ்த் தொழிலாளர்களை அவ்வளவாக அண்டவில்லை. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, தமிழர் உண்பது புழுங்கல் அரிசி, சீனர் உண்பது தீட்டிய பச்சரிசி என்பதைச் சுட்டிக்காட்டினார். 1905-இன் இறுதியில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் ஓராண்டுக்கு மேல் கொடுத்துவந்தார். கட்டடம்தான் காரணமோ என்று ஐயம் வராதபடி, நடுவில் இரு பிரிவினரையும் இடம் மாற்றியும் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் பலர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டவர்களிடையே நோய் புதிதாகப் பரவவில்லை. தங்களுக்கு என்ன நடக்கிறதென்று அறியாத நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை அது. இன்று எந்த மருத்துவமனையும் இதற்கு இணங்காது. அதன்பின் பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து நெகிரி செம்பிலானின் சாலைத் தொழிலாளர்களிடையே ஆராய்ந்து, தீட்டும்போது நீங்கும் தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்று 1909-இல் வெளியிட்டார்கள். அந்தச் சத்தை, அதாவது பி1 உயிர்ச்சத்தை, 1926-இல் அண்டையிலுள்ள ஜாவாவில் பிரித்தெடுத்தார்கள்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முற்றும் போவதில்லை. நம் பாட்டிமார் அவித்தார்கள், காரணம் கேட்கவில்லை. "செகண்ட் ஸ்டாண்டர்ட்ல நான் 'அரிசியை அளவாக் கழுவு'ன்னு சொல்லியிருப்பேன். படிவம் ரெண்டுல ஒரு பொண்ணு 'ஏன் டீச்சர்'னு கேட்டா. அந்த ஏன்-க்குப் பதில் சொல்லத்தான் என்னை மேலே அனுப்பினாங்கன்னு அப்பத்தான் தெரிஞ்சுது" என்றார் டீச்சர்.

இத்தனையும் இருந்தும் அப்பாடத்தின் மதிப்பு உயரவில்லை. படிப்பு வராத பெண்களை அங்கே தள்ளினார்கள். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி மனையியல் கேட்டால், வேண்டாம் என்று தடுத்தார்கள். பையன்களுக்கு அக்கதவு பெரும்பாலும் சாத்தியே இருந்தது. வீட்டில் சோறு உண்பவர்கள் பெண்கள் மட்டும்தான் போலும்! 1989-இல் புதிய இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டம் வந்த பின்னர், வாழ்வியல் திறன் என்ற ஒரே பாடத்தை இருபாலரும் படிக்கலாயினர். நான் 1994-இல் முதலாம் படிவத்தில் இருந்தபோது, எங்கள் வகுப்புப் பையன்கள் சட்டைக்குப் பொத்தான் தைத்தார்கள். நாங்கள் மின்செருகியில் கம்பி இணைத்தோம். நல்ல மாற்றம்தான். ஆனால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டதில், பழைய மனையியலின் ஆழம் போயிற்று என்பது என் எண்ணம். எனக்கு யாரும் பெரிபெரிக் கதையைச் சொல்லவில்லை. 2017 முதல் அப்பாடத்தின் இடத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் வந்திருக்கிறது. உணவு வடிவமைப்பும் ஆடை வடிவமைப்பும் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

டீச்சரின் குறிப்பேடு ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. முதற்பாதி ஆங்கிலம், மறுபாதி மலாய், ஓரங்களில் பென்சிலால் தமிழ். சென்ற ஆண்டு என் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அதிலிருந்த அரிசிப் பாடத்தை நடத்தினேன். முறத்தில் புழுங்கல், பச்சரிசி, தவிடு மூன்றையும் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அப்படின்னா எங்க பாட்டி வடிச்ச கஞ்சியக் கொட்டாம குடிக்கிறாங்களே, அது சரிதானா?" என்று கேட்டான். வடிக்கும்போது சத்தின் ஒரு பங்கு கஞ்சியோடு வந்துவிடும், பாட்டி செய்வது சரிதான் என்றேன்.

அந்த வாரக் கடைசியில் டீச்சரைப் பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன். குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அரிசிப் பக்கத்தின் ஓரத்தில் அந்தப் பையனின் கேள்வியை எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.