பனிக்கடல் மேடையும் தலைமைக் கல்வியும்

வணிக நிறுவனங்களின் மேலாளர்களுக்குத் தலைமைப் பண்பைக் கற்பிக்கத் துருவப் பயண வரலாற்றைப் பங்கேற்பு நாடகமாக நிகழ்த்தும் முறை, அதாவது பார்வையாளரே இடையில் எழுந்து பாத்திரமேற்று நிகழ்வின் போக்கை மாற்றிப் பார்க்கும் முறை, அண்மைக்காலப் புதுமையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும் துருவப் பயணத் தலைமைக்கும் நாடகத்துக்கும் இடையிலான உறவு இருநூறு ஆண்டுப் பழமை உடையது. அந்த உறவு பயணிகளின் கப்பல்களிலேயே தொடங்கியது.

கனடாவின் வடக்கே அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் வடமேற்குக் கடல்வழியைத் தேடி 1819இல் சென்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வில்லியம் எட்வர்ட் பாரி, ஹெக்லா, கிரைப்பர் என்னும் இரு கப்பல்களுடன் மெல்வில் தீவில் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. ஏறத்தாழ மூன்று மாதம் கதிரவனே தலைகாட்டாத அந்த இருளில், வேலையின்றி முடங்கும் மாலுமிகளின் மனச்சோர்வு நோயைப் போலவே கொல்லக்கூடியது என்பதை உணர்ந்திருந்த அவர், அதிகாரிகளை நடிகர்களாக்கி நவம்பர் 5 அன்று கப்பலிலேயே நாடகம் நடத்தினார். தாமும் வேடம் கட்டினார். இரு வாரத்துக்கு ஒருமுறை நாடகம் தொடர்ந்தது. டிசம்பரில் அவரே எழுதி மேடையேற்றிய நாடகம், அவர்கள் தேடிவந்த கடல்வழிப் பயணம் வெற்றியாக முடிவதைக் காட்டியது. இன்னும் நடவாத ஒன்றைக் குழுவினர் முன்கூட்டியே நடித்துப் பார்த்த அந்தச் செயலில், இன்றைய பயிற்சி அரங்கின் விதை தெளிவாகவே தெரிகிறது.

இம்மரபு தென்துருவத்துக்கும் சென்றது. ஸ்காட் தலைமையிலான டிஸ்கவரி பயணக் குழுவினர் 1902இல் தங்கள் கரையோரக் குடிலை நாடகக் கொட்டகையாக்கினர். எர்னெஸ்ட் ஷாக்கிள்டன் அக்குழுவில் ஒருவராக இருந்தார். 1915இல் அவருடைய எண்டியூரன்ஸ் கப்பல் வெட்டல் கடலின் பனியில் சிக்கியபோது, நடுக்குளிர்காலக் கலைநிகழ்ச்சி அங்கும் நடந்தது. கப்பலைக் கைவிட்ட பின் ஒவ்வொருவரும் இரண்டு பவுண்டு எடைக்கு மேல் சொந்தப் பொருள் வைத்துக்கொள்ளக் கூடாதென விதித்த அவர், தம் பொற்காசுகளையும் பனியில் எறிந்தார். ஆனால் குழுவினருள் ஒருவரான ஹஸ்ஸியின் பன்னிரண்டு பவுண்டு எடையுள்ள பாஞ்சோ இசைக்கருவியை மட்டும் விட்டுவிடாமல் எடுத்துவரச் சொன்னார்.

நாடகம் பயிற்சிக் கருவியாக வடிவம் பெற்றது வேறொரு வழியில். வியன்னாவில் 1920களில் எழுதப்படாத நாடகங்களை நிகழ்த்திய மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோவின் பாத்திரமேற்கும் முறை பின்னர் அமெரிக்கப் பயிற்சிக் கூடங்களில் பரவியது. பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால், பார்வையாளர் காட்சியை நிறுத்தி நடிகரின் இடத்தில் தாமே நின்று வேறு வழி காட்டும் விவாத அரங்கை உருவாக்கினார். ஒடுக்கப்பட்டோர் அரங்கு பற்றிய அவருடைய நூல் 1974இல் வெளிவந்தது. அதிகாரமற்றோருக்காகப் பிறந்த அம்முறை அதிகாரிகளின் கூடத்துக்குள் வந்தது பெரும் முரண். ஊழியரின் குரல் ஒலிக்க அக்கூடத்தில் இடமிருந்தால் மட்டுமே அம்முரண் பொறுத்துக்கொள்ளத் தக்கது.

ஷாக்கிள்டன் மேலாண்மைப் பாடமானது இன்னும் பிந்தியது. நெடுங்காலம் ஸ்காட்டின் புகழ்நிழலில் இருந்த அவரை, தென்துருவத்தை அடையப் போட்டியிட்ட ஸ்காட்டையும் அமுண்ட்சனையும் ஒப்பிட்டு ரோலண்ட் ஹன்ட்ஃபோர்ட் 1979இல் எழுதிய நூலுக்குப் பின் எழுந்த விவாதங்களும், கரோலின் அலெக்ஸாண்டரின் 1998ஆம் ஆண்டு நூலும் முன்னுக்குக் கொண்டுவந்தன. அதன்பின் மேலாண்மை நூல்கள் அடுத்தடுத்து வந்தன. ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் நான்சி கோஹன் எண்டியூரன்ஸ் பயணத்தை நிகழ்வாய்வுப் பாடமாக்கினார். இப்பாடங்களின் குறை ஒன்றுதான்: எண்டியூரன்ஸில் சென்ற 28 பேரும் உயிர் தப்பினர் என்பதை முன்பே அறிந்த மாணவருக்கு, தலைவர் எடுத்த முடிவு ஒவ்வொன்றும் சரியாகவே தோன்றும். அதே பயணத்தின் மறுபகுதியான ராஸ் கடல் அணியில் மூவர் இறந்தது பேசப்படுவதே அரிது.

அரங்கு இக்குறையை நீக்கவல்லது. 1915 டிசம்பர் 27ஆம் நாள் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். கனத்த படகுகளை இளகிய பனியில் இழுத்துச் செல்லும் வேளையில் தச்சர் ஹாரி மெக்னீஷ், கப்பலே இல்லாதபோது ஒப்பந்தமும் முடிந்துவிட்டது, இனிக் கட்டளைக்குப் பணிய வேண்டியதில்லை என்று நின்றுவிட்டார். ஷாக்கிள்டன் குழுவினரைக் கூட்டி ஒப்பந்த விதிகளை உரக்கப் படித்து அவரைப் பணியவைத்தார்; ஆனால் இரண்டே நாளில் அந்த நடைப்பயணமே கைவிடப்பட்டது. இவ்விடத்தில் காட்சியை நிறுத்தி, ஒரு பங்கேற்பாளரைத் தலைவராகவும் மற்றொருவரைத் தச்சராகவும் நிறுத்தும்போது, கட்டளையிடுவதன் சுமையும் கேட்கப்படாத நியாயத்தின் வலியும் ஒரே நேரத்தில் உடலில் உறைக்கின்றன. ஒப்பந்த விதியைப் படித்துக்காட்டியதால் கிடைத்த பணிவும், காரணத்தை விளக்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒத்துழைப்பும் ஒன்றல்ல என்பதை அங்கு நிற்பவர் தாமே கண்டுகொள்கிறார். தலைவரின் வேடம் மட்டுமே தரப்படும் பயிற்சி, வீரவழிபாட்டுக்கு அப்பால் எதையும் கற்பிப்பதில்லை.

பின்னர் அதே மெக்னீஷ்தான், சறுக்குவண்டிக் கட்டைகளையும் பெட்டிப் பலகைகளையும் கித்தானையும் கொண்டு ஜேம்ஸ் கேர்டு படகுக்கு மேல்தளம் அமைத்தார். அதில்தான் ஆறு பேர் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கடந்து தென் ஜார்ஜியாவை அடைந்து மற்றவர்களின் மீட்புக்கு வழி செய்தனர். பயணக் குழுவினருக்கு வழங்கப்பட்ட துருவப் பதக்கம் மறுக்கப்பட்ட நால்வரில் அவரும் ஒருவர். 1930இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் அவர் இறக்கும்வரை அப்பதக்கம் அவருக்கு அளிக்கப்படவில்லை.