கரிஜினி தேசியப் பூங்கா

மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் வடமேற்கே, பில்பரா என்னும் வறண்ட வட்டாரத்தில் ஹேமர்ஸ்லி மலைத்தொடரில் அமைந்துள்ள தேசியப் பூங்கா. பரப்பு ஏறத்தாழ 6,270 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் அம்மாநிலத்தின் இரண்டாவது பெரிய தேசியப் பூங்கா இது. முதலிடம் இன்னும் கிழக்கே பாலைக்குள் கிடக்கும் கார்லாமில்யி பூங்காவுக்கு. மாநிலத் தலைநகர் பெர்த்திலிருந்து சாலைவழி சுமார் 1,400 கிலோமீட்டர். பக்கத்து ஊர் டாம் பிரைஸ், இரும்புச் சுரங்கத்துக்காக 1960களில் எழுந்த குடியிருப்பு. விமானத்தில் வருவோர் பெரும்பாலும் பராபர்டூவில் இறங்கி அங்கிருந்து காரில் வருகிறார்கள்.

பன்ஜிமா, யின்ஹவங்கா, குர்ரமா ஆகிய முதற்குடி மக்களின் பாரம்பரிய நிலம் இது. 30,000 ஆண்டுகளுக்கும் மேலாக இங்கு மனிதர் வாழ்ந்த தடயங்கள் உள்ளன. 1861இல் இவ்வழியே வந்த நில ஆய்வாளர் எஃப். டி. கிரெகரி, தம் பயணத்துக்கு ஆதரவு தந்த எட்வர்ட் ஹேமர்ஸ்லியின் பெயரை மலைத்தொடருக்குச் சூட்டினார். 1969இல் பூங்கா அறிவிக்கப்பட்டபோதும் அந்தப் பெயரே நிலைத்தது. பன்ஜிமா மக்கள் இம்மலைக்கு வழங்கிவந்த கரிஜினி என்ற பெயர் பூங்காவுக்கு வந்து சேர 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாறை

சுற்றுலா விளம்பரங்கள் இவ்விடத்தைத் ‘தொன்மையான மலையிடுக்குகள்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். தொன்மை என்பது உண்மையில் பாறையுடையது. இடுக்குகள் அதோடு ஒப்பிட்டால் நேற்றைக்கு வந்தவை. பாறை படிந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலடியில். அக்காலக் கடல்நீரில் இரும்பு கரைந்த நிலையில் ஏராளமாக இருந்தது. நீலப்பச்சைப் பாசி போன்ற நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜனோடு அது சேர்ந்து துருவாகி அடியில் படிந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இரும்பு மிகுந்த படிவும் சிலிக்கா மிகுந்த படிவும் மாறிமாறி அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகியதுதான் இன்றைய பட்டை இரும்புப் பாறை. இங்குள்ள டேல்ஸ் மலையிடுக்கின் சுவரில் கை வைத்துப் பார்த்தால் கருஞ்சிவப்பு, சாம்பல், துருநிறக் கோடுகள் விரலகலத்துக்கும் குறைவான கனத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுவது தெரியும். புவியியலாளர்கள் இந்த அடுக்குத் தொகுதிக்கே டேல்ஸ் மலையிடுக்கின் பெயரை வைத்திருக்கிறார்கள். சேலத்துக் கஞ்சமலையிலும் இதே குடும்பத்துப் பாறை உண்டு. ஆனால் அது நிலத்தின் ஆழத்தில் வெந்து, நசுங்கி உருமாறியது. கரிஜினியில் பெரும்பாலான அடுக்குகள் படிந்த வாக்கிலேயே கிடக்கின்றன. அதுவே இதன் அருமை.

பின்னாளில் நிலம் பக்கவாட்டில் நெருக்குண்டு, பாறையில் செங்குத்தான வெடிப்புகள் விழுந்தன. கடல் விலகி நிலம் உயர்ந்தது. இன்றைவிட மழை மிகுந்திருந்த ஒரு காலத்தில் ஆறுகள் அகன்ற பள்ளத்தாக்குகளை அகழ்ந்தன. கடல்மட்டம் சட்டென இறங்கியதும் அதே ஆறுகள் வேகமெடுத்து, வெடிப்புகளின் வழியே நேராகக் கீழ்நோக்கி அறுத்தன. இங்குள்ள சுவர்கள் சரிவாக இல்லாமல் படிக்கட்டு வெட்டியதுபோல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இடுக்குகள்

சமவெளியில் நடப்பவருக்கு எதிரில் பள்ளம் இருப்பது விளிம்புக்கு வரும்வரை தெரியாது. மலைப் பூங்கா என்று பெயர், ஆனால் பார்க்க வேண்டியதெல்லாம் காலுக்குக் கீழே. கிழக்கே இருக்கும் டேல்ஸ் மலையிடுக்குதான் முதன்முறை வருவோருக்கு ஏற்றது. நிலத்தடி ஊற்றால் ஆண்டு முழுதும் விழும் ஃபோர்ட்டெஸ்கியூ அருவியும், சற்று மேலே பெரணிகள் தொங்கும் ஃபெர்ன் குளமும் அங்கு உள்ளன. குளம் முதற்குடியினருக்குப் புனிதமானது. கூச்சலிடாமல், மேலிருந்து குதிக்காமல் மெல்ல இறங்கும்படி வருவோரைக் கேட்டுக்கொள்கிறார்கள். இறங்கினால் சிறு மீன்கள் காலைக் கொத்தும். தலைக்கு மேலே பழந்தின்னி வௌவால்கள் தொங்கிக்கொண்டிருக்கும்.

வீயானோ, ஹேன்காக், ஜாஃப்ரி, ரெட் ஆகிய நான்கு இடுக்குகளும் ஆக்சர் பார்வைமேடைக்குக் கீழே, 100 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஒன்றுகூடுகின்றன. ஹேன்காக்கில் ஏணி வழியே இறங்கி, சில இடங்களில் நீந்தி, பிறகு ‘சிலந்தி நடை’ எனப்படும் குறுகலுக்கு வர வேண்டும். இரு சுவர்களிலும் கையையும் காலையும் ஊன்றி, ஓடும் நீருக்கு மேலாக நகர்ந்தால் கெர்மிட்ஸ் குளம். அதற்கப்பால் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. தடங்கள் கடினத்துக்கேற்ப வகுப்பெண் இடப்பட்டவை. வகுப்பு 5 என்று பலகை சொன்னால் அது மிகைப்படுத்தல் அல்ல. வழவழப்பான ஈரப்பாறையில் வழுக்குவது அங்கே அன்றாடம் நடப்பது.

பாலைநிலம் என்றதும் வெயிலுக்குத்தான் அஞ்சுவோம். இங்கே நீருக்கும் அதே அளவு அஞ்ச வேண்டும். சூரியன் எட்டாத குளங்களில் நீர் குளிர்காலத்தில் உடலை விறைக்க வைக்கும் அளவு குளிர்ந்திருக்கும். ஆண்டு மழை 250 முதல் 350 மில்லிமீட்டர்தான். ஆனால் அது பெரும்பாலும் கோடைக்கால இடிமழையாகவும் புயலின் எச்சமாகவும் ஒரேயடியாகக் கொட்டுகிறது. எங்கோ தொலைவில் பெய்த மழைநீர், தெளிந்த வானத்தின் கீழும் இடுக்குக்குள் திடீர் வெள்ளமாகப் பாயும். 2004 ஏப்ரலில் ஹேன்காக் மலையிடுக்கில் காயமுற்ற பயணி ஒருவரை மீட்கச் சென்ற தன்னார்வலர் இத்தகைய வெள்ளத்தில் உயிரிழந்தார்.

உயிரினங்கள்

இடுக்குகளுக்கு மேலே, சமவெளியில், ஸ்பினிஃபெக்ஸ் முட்புல், முல்கா மரம், கறையான் புற்று. கங்காரு வகைகளும் பில்பரா மலைப்பாம்பும் உண்டு. ஆனால் நின்று பார்க்கத்தக்கது கூழாங்கல் மேட்டெலி. உள்ளங்கையில் அடங்கும் இவ்வெலி கல்லை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வந்து தன் வளைக்கு மேல் மேடு கட்டும். தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்ட மேடுகள் பல சதுர மீட்டர் பரவியிருக்கும்.

சுரங்கங்கள்

பூங்காவை உண்டாக்கிய இரும்பே அதன் எல்லைக்கோட்டையும் வளைத்தது. மரண்டூ என்ற இடம் பூங்காவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு, 1994இல் அங்கே இரும்புச் சுரங்கம் திறக்கப்பட்டது. 1,234 மீட்டர் உயரமுள்ள புரூஸ் மலையின், முதற்குடியினர் சொல்வதில் புனுர்ருன்ஹாவின், அடிவாரத் தடத்தில் சிறிது நடந்தாலே சுரங்கமும், தாதுவோடு ஊர்ந்து செல்லும் நெடுநீள ரயில்களும் தெரியும். அந்தத் தடத்துக்கு ‘மரண்டூ காட்சி’ என்றே பெயர் வைத்திருப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது.

வடக்கு எல்லைக்கு அருகே இருந்த விட்டனூம் என்ற ஊரின் கதை வேறு. இதே பாறை அடுக்குகளுக்கிடையே நீலக் கல்நார் இழையோடுகிறது. 1966 வரை அதைத் தோண்டி எடுத்தார்கள். அங்கே வேலை செய்தவர்களிலும் குடியிருந்தவர்களிலும் மிகப் பலர் நுரையீரல் நோய்களால் மாண்டனர். 2007இல் ஊர் என்ற தகுதியே அதற்குப் பறிக்கப்பட்டது. பூங்காவுக்குள்ளும் யாம்பயர் மலையிடுக்கு இக்காரணத்தால் மூடப்பட்டுள்ளது. கல்நார் கிடக்கும் பகுதிக்குள் யாரும் போகக் கூடாது.

பயணம்

மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். பகல் இதமாக இருக்கும், இரவு உறைநிலையை நெருங்கலாம். கோடையில் வெப்பம் 40 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடைக்காது; பெரும்பகுதியில் செல்போன் அலைவரிசையும் இல்லை. குடிநீரைக் கையோடு கொண்டுபோவது நல்லது. கிளைச் சாலைகளில் பல செம்மண் தடங்களே. மழை பெய்தால் மூடிவிடுவார்கள். தங்க டேல்ஸ் முகாமும், முதற்குடியினரின் குமலா அமைப்புக்குச் சொந்தமான கூடார விடுதியும் உள்ளன. முகாமில் செருப்பையும் சாப்பாட்டுப் பெட்டியையும் வெளியே விட்டுத் தூங்கினால் டிங்கோ நாய்கள் தூக்கிக்கொண்டு போய்விடும். அவற்றுக்குத் தீனி போடக் கூடாது; சிறு குழந்தைகளைத் தனியே விடவும் கூடாது.