கணப்பு வளர்ந்த கதை



நக்கீரர் பாடிய நெடுநல்வாடையிலே கூதிர்காலத்துக் குளிர் விரிவாகப் பேசப்படுகின்றது. மாடங்களில் வாழ்ந்தோர் தண்ணீரை நாடாது, வாயகன்ற தடவில் இட்ட செந்நெருப்பை நாடினர் என்கிறார் புலவர். தடவு என்பது கணப்புச் சட்டி. வெம்மை மிகுந்த நாட்டில் வாழும் நமக்கு அச் சட்டியும் அதன் பெயரும் மறந்து போயின. நுவரெலியாவில் ஆங்கிலேயர் கட்டிய பழைய பங்களாக்களின் கணப்பு மாடங்களைக் கண்டவர்களே அதன் அருமையைச் சிறிது உணர்வர். ஆனால் ஆண்டிற் பல மாதம் பனி மூடும் நாடுகளில் கணப்பு ஓர் அலங்காரமன்று. அது உயிர் காக்கும் பொருள். அந்நாடுகளின் சிறு வீடுகளுக்குள் விறகுக் கணப்படுப்பு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை இன்று நோக்குவோம்.

முற்காலத்து ஐரோப்பியக் குடியானவன் தன் வீட்டின் நடுவே, தரையில், நெருப்பு மூட்டினான். புகை கூரையின் துளை வழியே தானாக வெளியேறிற்று. வெளியேறாத புகை வீட்டாரின் கண்ணிலும் மூச்சிலும் தங்கிற்று. சுவரோடு சேர்ந்த புகைபோக்கி நெடுங்காலம் செல்வர் மனைகளுக்கே உரியதாயிருந்தது. 16ஆம் நூற்றாண்டிலேதான் அது இங்கிலாந்தின் சாதாரண வீடுகளுக்குப் பரவியது. வில்லியம் ஹரிசன் என்னும் பாதிரியார் 1577ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில், ஊரிலுள்ள முதியவர்கள் வியந்து கூறிய மாற்றங்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகளின் பெருக்கத்தைக் குறிப்பிடுகின்றார். புகை வீட்டு மரங்களை உறுதியாக்கும், வீட்டாரை நோயினின்றும் காக்கும் என்று முன்னோர் எண்ணியிருந்ததையும், புகைபோக்கி வந்தபின் எல்லோருக்கும் தடிமன் பிடிப்பதையும் அவர் எடுத்துரைக்கின்றார். புதுமை எதுவாயினும் அதற்கு ஒரு முணுமுணுப்பு உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

வீட்டிற்குள் நெருப்பு நிலைபெற்றதும் அரசின் பார்வை அதன்மீது விழுந்தது. 1662ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அடுப்பு வரி விதிக்கப்பட்டது. ஒவ்வோர் அடுப்புக்கும் ஆண்டுக்கு இரண்டு சிலிங். மிக வறியவர்களுக்கு விலக்கு இருந்ததாயினும், வரி தண்டுவோர் வீட்டினுள் நுழைந்து அடுப்புகளை எண்ணிய செயல் மக்களைப் பெரிதும் புண்படுத்தியது. 1689ஆம் ஆண்டு, புதிதாக முடிசூடிய வில்லியமும் மேரியும் அவ் வரியை நீக்கினர்.

புகைபோக்கி புகையை அகற்றியது. ஆனால் அதனோடு வெப்பத்தையும் கொண்டு போயிற்று. திறந்த கணப்பிலே எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பங்கு வானத்துக்கே செல்கின்றது. மேலே செல்லும் சூடான காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு வழியே குளிர்காற்று உள்ளே பாய்கின்றது. கணப்பின்முன் அமர்ந்தவனுக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும். விறகு மலிவாயிருந்த வரையில் இந்தக் குறையை எவரும் பொருட்படுத்தவில்லை. விறகு அருகிய பின்னரே அறிஞர்கள் அடுப்பின்பால் கருத்தைச் செலுத்தினர்.

அவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் பெஞ்சமின் பிராங்கிளின். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அச்சுத் தொழில் நடத்தி வந்த அவர், 1742ஆம் ஆண்டளவில் ஓர் இரும்புக் கணப்பை அமைத்தார். 1744இல் அதனை விளக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒவ்வொருவர் வாயிலிலும் கிடைத்த விறகை, இப்போது சில ஊர்களுக்கு ஏறத்தாழ நூறு மைல் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியுள்ளது என்று அந்நூலில் அவர் எடுத்துக்காட்டினார். ஏழையின் வீட்டுச் செலவிலே விறகு பெரும் பங்கினை விழுங்கியது. இதுவே அவரை இம் முயற்சிக்குத் தூண்டியது.

அக்காலத்தில் அந்நாட்டிற் குடியேறிய ஜெர்மானியர் முற்றிலும் மூடிய இரும்பு அடுப்புகளைப் பயன்படுத்தினர். அவை நன்றாகச் சூடேற்றின. ஆனால் அவற்றில் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. அறையின் காற்றும் மாறாது. தழலைக் கண்டு மகிழ்வதே ஓர் இன்பம் என்பதைப் பிராங்கிளின் அறிந்திருந்தார். ஆகவே முன்புறம் திறந்த இரும்புப் பெட்டியொன்றை வகுத்தார். நெருப்புக்குப் பின்னால், உள்ளே தடுப்புகளோடு கூடிய காற்றறை ஒன்று. கீழிருந்து புகும் புதுக்காற்று அந்த அறையிற் சூடாகிப் பக்கத் துளைகளால் வீட்டினுள் வரும். புகையோ அக் காற்றறையின் மேலே ஏறி, பின்புறமாகக் கீழிறங்கி, தரையடியிற் சென்று, அதன்பின் புகைபோக்கியை அடையும். இவ்வாறு சுற்றி வருவதால் புகை தன் வெப்பத்தை இரும்புக்குக் கொடுத்துவிட்டே வெளியேறும். முன்பு எரித்த விறகில் நாலில் ஒரு பங்கே தமது அறையை இருமடங்கு சூடாக்கிற்று என்று அவர் எழுதினார்.

கருத்து சிறந்ததே, ஆயினும் நடைமுறையில் ஒரு தடை எழுந்தது. புகை மேலே செல்லும் இயல்புடையது. புகைபோக்கி நன்கு சூடேறாத வேளையில் அது கீழிறங்க மறுத்து அறைக்குள் திரும்பி வந்தது. எனவே அந்த அடுப்பு முதல் வடிவில் மக்களிடையே பெரிதும் பரவவில்லை. பின்னர் பிலடெல்பியாவின் வானியல் அறிஞர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் முதலியோர் புகை நேரே மேற்செல்லுமாறு அதனைத் திருத்தினர். இன்று பிராங்கிளின் அடுப்பு என்று வழங்குவது பெரும்பாலும் அத் திருத்திய வடிவமே.

இவ்விடத்திற் குறிப்பிடவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவ்வடுப்பை விற்கும் தனியுரிமையைச் சில ஆண்டுகளுக்கு வழங்க அம் மாகாண ஆளுநர் முன்வந்தார். பிராங்கிளின் மறுத்தார். பிறர் கண்டுபிடித்தவற்றால் நாம் நன்மை பெறுகிறோம். நாம் கண்டதையும் பிறருக்கு மனமுவந்து அளித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இலண்டன் இரும்பு வணிகர் ஒருவர் அதிற் சிறு மாற்றங்கள் செய்து, தம் பெயரில் உரிமை பெற்றுப் பொருளீட்டினார். அதைப் பற்றியும் பிராங்கிளின் வழக்காடவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் சுவீடனிலும் விறகுப் பஞ்சம் அரசைக் கவலைக்குள்ளாக்கியது. இரும்புத் தொழில் காடுகளை விழுங்கிக்கொண்டிருந்தது. குறைந்த விறகில் நிறைந்த வெப்பம் தரும் அடுப்பை ஆராயும் பணி கார்ல் யோகான் குரோன்ஸ்டெட், பேபியன் விரேடே என்னும் இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1767ஆம் ஆண்டு அவர்கள் தம் முடிவை வெளியிட்டனர். செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டிய உயர்ந்த அடுப்பினுள், புகை பல வழிகளால் மேலும் கீழுமாகச் சென்று திரும்பும். கனத்த கற்சுவர் அந்த வெப்பத்தை உண்டு வைத்திருக்கும். காலையில் ஒருமுறை நன்றாக எரித்தால், நெருப்பு அணைந்த பின்னும் பல மணிநேரம் வீடு வெதுவெதுப்பாக இருக்கும். இரும்பு விரைவிற் சூடாகி விரைவில் ஆறும். கல் மெல்லச் சூடாகி மெல்ல ஆறும். அடுப்பு வரலாறு முழுவதும் இவ்விரண்டிற்கும் இடையே நடந்த வழக்கு எனலாம்.

அமெரிக்காவிற் பிறந்து ஐரோப்பாவிற் பெரும்புகழ் பெற்ற ரம்போட் பிரபு மூன்றாவது வழியைக் கண்டார். அவர் புதிய அடுப்பொன்றை வாங்கும்படி எவரையும் கேட்கவில்லை. இருக்கும் கணப்பின் ஆழத்தைக் குறையுங்கள், பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டுங்கள், புகைபோக்கியின் தொண்டையைச் சுருக்குங்கள் என்றார். 1796ஆம் ஆண்டு அவர் இதுபற்றி வெளியிட்ட கட்டுரை, சில செங்கற்களாலும் ஒரு கொத்தனாராலும் பழைய வீடுகளைச் சூடாக்கலாம் என்று காட்டியது.

பின்னர் நிலக்கரியும், எண்ணெயும், மின்சாரமும் வந்தன. விறகு அடுப்புகள் பல நாடுகளில் மூலையில் ஒதுங்கின. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி அவற்றை மீண்டும் கூடத்துக்கு அழைத்து வந்தது. இன்று மேல்நாட்டுச் சிறு வீடொன்றில் கண்ணாடிக் கதவு பொருத்திய இரும்புக் கணப்படுப்பு இருப்பது அருமையன்று. தழலும் தெரிகின்றது, வெப்பமும் வீட்டிலேயே தங்குகின்றது. பிராங்கிளின் விரும்பிய இரண்டும் ஒருங்கே கைகூடின.

எனினும் சிறு வீட்டில் அதனை நிறுவுவோர் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். பெரிய அடுப்பே நல்லது என்று எண்ணுதல் தவறு. அறையின் கொள்ளளவில் சுமார் 14 கன மீற்றருக்கு ஒரு கிலோவாற் என்பது இங்கிலாந்தில் வழங்கும் ஒரு நடைமுறைக் கணக்கு. நான்கு மீற்றர் நீளமும் அகலமும், இரண்டரை மீற்றர் உயரமும் உள்ள அறைக்கு மூன்று கிலோவாற் போதும். அளவுக்கு மிஞ்சிய அடுப்பை வைத்தவர் வெப்பம் தாங்காது காற்றை அடைப்பர். காற்றுக் குறைந்த விறகு எரியாது புகையும். அப்புகை குளிர்ந்து, புகைபோக்கியின் உட்புறத்தில் தார் போன்ற கறுத்த பிசினாகப் படியும். அது ஒருநாள் தீப்பற்றினால் வீடே போய்விடும். ஆதலால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் புகைபோக்கியைத் துடைப்பித்தல் கடமை. அடுப்பின் கீழே எரியாத கற்பலகையும், சுவருக்கும் அடுப்புக்கும் நடுவே போதிய இடைவெளியும் வேண்டும். நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு வாயு உயிரைப் பறிக்கும் என்பதால், 2010ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் இத்தகைய அடுப்பைப் புதிதாக நிறுவுவோர் எச்சரிக்கைக் கருவியையும் வைத்தல் வேண்டும் என விதி செய்யப்பட்டது.

விறகும் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராகும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகிவிடும். பிளந்து, மழை படாமல், காற்றோட்டத்தில் ஓரிரு ஆண்டுகள் அடுக்கி வைத்த விறகே நல்ல விறகு.

இத்தனையும் செய்தபின்னும் ஒரு வினா எஞ்சுகின்றது. நம் வீட்டைவிட்டு வெளியேறிய புகை எங்கே செல்கின்றது? 1952 டிசம்பரில் இலண்டனை மூடிய நச்சுப்பனி ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. அதற்குப் பெருங்காரணம் நிலக்கரிப் புகை. அதன் விளைவாக 1956ஆம் ஆண்டு தூயகாற்றுச் சட்டம் பிறந்தது. விறகுப் புகையும் குற்றமற்றதன்று. அதிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்பவை. அமெரிக்கா 1988ஆம் ஆண்டு விறகு அடுப்புகளின் புகைக்கு எல்லை வகுத்தது. பின்னர் அதனை மேலும் இறுக்கியது. 2021ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் ஈரவிறகைச் சிறு அளவில் விற்பது தடுக்கப்பட்டது. முதலில் மனிதன் புகையைத் தன் கண்ணிலிருந்து அகற்றினான். இப்போது அயலான் மூச்சிலிருந்தும் அகற்றவேண்டிய பொறுப்பு அவனைச் சேர்ந்துள்ளது.

இக்கதை நமக்குப் புறம்பானது என்று எண்ணவேண்டா. குளிருக்கன்றிச் சோற்றுக்காக நெருப்பு மூட்டும் நம் அடுக்களைகளிலும் அதே புகை உண்டு. அதை உண்பவர் பெரும்பாலும் பெண்களும் கைக்குழந்தைகளுமே. நம் நாட்டில் 1980களில் உருவான ‘அனகி’ என்னும் இரட்டை மண்ணடுப்பு, ஒரு வாயிலில் இட்ட விறகால் இரண்டு பானைகளைச் சூடேற்றி விறகைச் சிக்கனப்படுத்துகின்றது. பிலடெல்பியாவில் அச்சுக்காரர் ஒருவர் எண்ணியதும், நம் நாட்டுக் குயவர் மண்ணில் வனைந்ததும் ஒரே நோக்கமுடையன. வீட்டின் வெம்மை வீட்டாருக்கே பயன்படல் வேண்டும். அதன் பொருட்டுக் காடும் அழிதலாகாது, எவர் மூச்சும் தடைப்படலாகாது. இந்த நோக்கத்தோடு அடுப்பைத் திருத்துவோரின் பணி இன்னும் முடிந்தபாடில்லை.